மூலிகைக்கும் முகவரி வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

"விழாவில் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் பணித்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதைப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நம் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியிலும் இருக்கின்ற ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நாம் விழுங்கும் மூலிகை மருந்து, முகத்தில் பூசும் கிரீம், இவற்றின் தரத்தைப் பற்றித்தான் என் பேச்சு. நான் மருத்துவர் அல்லள். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியை. பால்மரம் வெட்டியவரின் மகள். பட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் சொல்கிறேன்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள், வயதான பிறகு முட்டி வலியால் மடக்க முடியாமல் போயின. சில ஆண்டுகளுக்கு முன் பாசார் மாலாமில் ஒருவர் மருந்து விற்றார். "அண்ணே, இது சுத்தமான மூலிகை. இங்கிலீஷ் மருந்து ஒரு சொட்டுக்கூட கெடையாது. பக்க விளைவே இல்ல" என்றார். வெள்ளைப் போத்தலில் பச்சை நிறக் குளிகைகள். மூன்றாம் நாளே அப்பா ஊன்றுகோல் இல்லாமல் கோவிலுக்கு நடந்து போனார். "பாத்தியாம்மா, இதான் நம்ம ஆளுங்க மருந்து!" என்று பெருமைப்பட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான். இரண்டாவது போத்தலை என் சம்பளத்தில் நானே வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு மாதத்தில் அப்பாவின் முகம் உருண்டையானது. நன்றாகப் பசித்தது. "அப்பாவுக்கு உடம்பு தேறிடுச்சு" என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். இரவில் தாகம், அடிக்கடி சிறுநீர். அதை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. ஒரு வாரம் அந்த வியாபாரி வரவில்லை. மருந்து தீர்ந்து போயிற்று. சில நாளில் அப்பா குளியலறையில் மயங்கி விழுந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" என்பது. "ஒன்றுமில்லை டாக்டர், மூலிகைதான்" என்றேன். அந்த 'தான்' என்ற சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் குளிகையைச் சோதித்தபோது அதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது தெரிய வந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. டாக்டர்கள் அளவோடும் கண்காணிப்போடும் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல் தினமும் விழுங்கினால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பும் தோலும் மெலியும். நம் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், அந்தச் சுரப்பி வேலையை நிறுத்தித் தூங்கிவிடுகிறது. திடீரென்று மருந்தை நிறுத்தும்போது சுரப்பி உடனே விழித்துக்கொள்வதில்லை. உடம்பு தாங்காமல் சரிந்து விடுகிறது. அப்பாவுக்கு நடந்தது அதுவே. பிழைத்துக்கொண்டார், ஆனால் நீரிழிவு அவரை விட்டுப் போகவில்லை. இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். "ஒங்க கதைய மேடையில சொல்லட்டுமா அப்பா?" என்று கேட்டேன். "சொல்லும்மா, நம்ம ஜனங்களுக்குத் தெரியட்டும்" என்றார்.

பெற்றோர்களே! இதனால் மூலிகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் குளிகையில் குற்றம் செய்தது மூலிகை அன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்காததுதான் குற்றம். எந்த மருந்தானாலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இது என்ன செடி? எந்தப் பாகம்? எவ்வளவு? சுத்தமானதா? இந்த நான்குக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும்படி செய்வதைத்தான் தரப்படுத்துதல் என்கிறார்கள்.

இது நமக்குப் புதிய செய்தியா? இல்லவே இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுக்கும் இடத்துக்குப் போனால், எத்தனை லிட்டர் என்று மட்டுமா பார்ப்பார்கள்? மெட்ரோலாக்கை விட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்த பாலும் வெள்ளைதான், கலக்காத பாலும் வெள்ளைதான். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கருவி காட்டிவிடும். 1965ஆம் ஆண்டில் மலேசிய ரப்பருக்கு எஸ்.எம்.ஆர். என்ற தரமுறை வந்தது. அன்றைய கணக்கில் எஸ்.எம்.ஆர். 20 என்றால், நூற்றுக்கு 0.20 பங்குக்கு மேல் அழுக்கு இருக்கக் கூடாது என்று பொருள். செம்பனைக் குலையும் அப்படித்தான். காயாக வெட்டி அனுப்பினால் ஆலையில் தள்ளுபடி செய்கிறார்கள். டயருக்குப் போகும் ரப்பருக்கு இத்தனை சோதனை என்றால், அப்பாவின் வயிற்றுக்குள் போகும் மருந்துக்கு ஒரு சோதனை வேண்டாமா?

நம் முன்னோரும் சோதித்தார்கள். தைலம் காய்ச்சும்போது மெழுகு பதம், மணல் பதம் என்று பதம் பார்த்து இறக்கினார்கள். பற்பம் முடிந்ததா என்று அறிய, அதை விரலிடுக்கில் தேய்த்து ரேகைக்குள் படிகிறதா என்று பார்த்தார்கள். தண்ணீரில் தூவி மிதக்கிறதா என்று பார்த்தார்கள். இவையெல்லாம் அந்தக் காலத்துத் தரக் கட்டுப்பாடு. ஆனால் ஈயம் இருக்கிறதா, ஸ்டீராய்டு இருக்கிறதா என்பது கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். முன்னோர் தொடங்கியதை ஆய்வுக்கூடம் தொடர்கிறது என்றே நான் கருதுகிறேன்.

முதல் கேள்வி, என்ன செடி? நாம் வல்லாரை என்பதை மலாய்க்காரர்கள் பெகாகா என்பார்கள். நாம் கீழாநெல்லி என்பது அவர்களுக்கு டுக்கோங் ஆனாக். நம் நிலவேம்பு அவர்களுக்கு ஹெம்பெடு பூமி. ஒரு செடிக்குப் பல பெயர் இருப்பதால் பெரிய தீங்கு இல்லை. ஒரு பெயருக்குள் பல செடி இருந்தால்தான் ஆபத்து. பெல்ஜியம் நாட்டில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய விரும்பிய பெண்களுக்கு ஒரு மருந்தகத்தில் சீன மூலிகை கலந்த குளிகைகளைக் கொடுத்தார்கள். 'பாங் ஜி' என்ற சொல் சீன வைத்தியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறிக்கும். ஸ்டெபானியா என்ற செடியின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற செடி வந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதுபட்டது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. செடியும் இயற்கை, வேரும் இயற்கை. பெயர் மாறியதுதான் வினை. இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாம் ஆடுதின்னாப்பாளை என்று சொல்கிறோமே, அதுவும் இதே அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்ததுதான். பழங்காலத்து மருந்து என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கக் கூடாது.

இரண்டாவதும் மூன்றாவதும், எந்தப் பாகம், எவ்வளவு? ஒரே செடியின் இலைக்கு ஒரு குணம், வேருக்கு ஒரு குணம். வெயிலில் காய்ந்ததும் நிழலில் காய்ந்ததும் ஒன்றல்ல. இளஞ்செடியும் முற்றிய செடியும் ஒன்றல்ல. இந்த வாரம் வாங்கிய போத்தலில் சத்து மிகுதியாகவும், அடுத்த வாரப் போத்தலில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், அது மருந்தா, குலுக்கல் சீட்டா? நம் நாட்டுத் தொங்காட் அலி வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீர்ச்சாற்றுக்கு 2011ஆம் ஆண்டில் ஒரு மலேசியத் தரநிலை வெளியானது. யூரிகோமனோன் என்ற பொருள் நூற்றுக்கு 0.8 முதல் 1.5 பங்கு இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அந்தப் பொருளை அடையாளமாக வைத்து அளந்தால், உள்ளே இருப்பது உண்மையான வேர்தானா, போதிய அளவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் வள்ளுவர் பெரிதும் வலியுறுத்துவது அளவைத்தான் என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள்.

நான்காவது, சுத்தமானதா? செடி மண்ணிலிருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சரியாகக் காயாத வேரில் பூஞ்சை பிடிக்கும். மருந்து அரைக்கும் இடத்தில் கிருமி சேரும். அதனால்தான் மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ மருந்தில் ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, காட்மியம் 0.3, பாதரசம் 0.5 மில்லிகிராம் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது.

பாதரசம் என்றதும் தாய்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தின்போது, வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டி, கிரீம் டப்பாக்களின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதிவரச் சொன்னேன். மறுநாள் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். நல்ல கோபம். "டீச்சர், எம் புள்ளகிட்ட என்னா சொல்லிக் குடுத்தீங்க? என் கிரீம்ல எழுத்தே இல்லன்னு நேத்து ராத்திரி பூரா அழுவுறா" என்றார். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் நிறக் கிரீம். செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, எண் இல்லை. கைப்பேசி வழியாக யாரிடமோ வாங்கியது. "ஏழே நாளில் வெள்ளை" என்று மட்டும் இருந்தது. அந்த அம்மாவின் கன்னம் சிவந்து தோல் உரிந்திருந்தது. உட்கார வைத்துப் பேசினேன். மெல்லிய குரலில் அவர் சொன்னார்: "போன வருஷம் டான்சுக்கு அவ மூஞ்சிலயும் இதத்தான் பூசி விட்டேன் டீச்சர். மேடையில புள்ள கறுப்பா தெரியக் கூடாதுன்னு..."

இருவரையும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். நல்ல வேளை, பெரிய பாதிப்பு இல்லை.

இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவை பலமுறை பிடிபட்டுள்ளன. தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். பாதரசம் அது உண்டாவதைத் தடுக்கிறது. அதனால் சில நாள் வெளுத்தது போலத் தோன்றும். ஆனால் அது தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பையும் பாதிக்கும். பூசிய அம்மாவோடு அது நிற்பதில்லை. துண்டில் ஒட்டும், தலையணையில் ஒட்டும், ஆவியாகி வீட்டுக்குள் பரவும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். மினமாத்தா என்ற அனைத்துலக உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் எல்லாவற்றையும் 2025ஆம் ஆண்டோடு நிறுத்திவிட வேண்டும் என்று 2023இல் முடிவு செய்தன. ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள். கிரீம் கடையில் விற்கும் பொருள்கள் அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் உழைத்த தாத்தா பாட்டியின் நிறம் அது. அதைக் கழுவ வேண்டியதில்லை.

சரி, நல்லது எது, கெட்டது எது என்று சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் 1978இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று என்.பி.ஆர்.ஏ. என்ற முகமையாக இருக்கிறது. மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் 1984இல் வந்தன. பாரம்பரிய மருந்துகளின் பதிவு 1992இல் தொடங்கியது. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்ற மூன்று எழுத்து, அதன்பின் எட்டு எண்கள், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். பாரம்பரிய மருந்தாக இருந்தால் அந்தக் கடைசி எழுத்து 'டி'. இதனுடன் மின்னும் பாதுகாப்பு ஒட்டு வில்லையும் இருக்கும். அழகுப் பொருளாக இருந்தால் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண் இருக்கும்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்தின் எம்.ஏ.எல். எண், அதன் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. நோயைக் குணப்படுத்தியே தீரும் என்று சொல்லவில்லை. அழகுப் பொருளின் எண், விற்பவர் அரசாங்கத்திடம் அறிவித்துவிட்டார் என்பதைக் காட்டுகிறது. பின்னர்ச் சோதித்துக் குற்றம் கண்டால் அந்த அறிவிப்பை நீக்கிவிடுவார்கள். போலி எண்ணைப் போட்டு ஏமாற்றுபவரும் உண்டு. ஆகவே எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. முகமையின் இணையத்தளத்தில் எண்ணையோ பெயரையோ தட்டிப் பார்த்து, அதே பொருள்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"அப்படின்னா பாட்டி போடுற சுக்குக் காப்பிக்கும் நம்பர் வேணுமா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வேண்டாம். வீட்டில் காய்ச்சும் கஷாயத்துக்கோ ரசத்துக்கோ யாரும் எண் கேட்கப் போவதில்லை. போத்தலில் அடைத்து, நோய்க்கு மருந்து என்று சொல்லி, ஊருக்கெல்லாம் விற்பவருக்குத்தான் சட்டம். பதிவில்லாத மருந்தை விற்றால், தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். "நூற்றுக்கு நூறு மூலிகை, பக்க விளைவே இல்லை" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் மகிழ்வதற்கு முன் யோசியுங்கள். நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, இருதய நோய் இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி விளம்பரம் வந்தால் வாங்காதீர்கள். அரசாங்க மருத்துவமனை மாத்திரையையும் மூலிகையையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். போத்தலோடு கிளினிக்குக்குப் போங்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தைப் பற்றி நீங்களே முகமைக்குத் தெரிவிக்கலாம். நீங்கள் சொல்லும் ஒரு சொல் அடுத்த தோட்டத்தில் ஒருவரைக் காப்பாற்றும்.

இன்று பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே, வாங்காத செல்வங்களே! உங்கள் வீட்டில் தாத்தாவுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். அம்மாவுக்குப் பெட்டியில் இருக்கும் சின்ன மலாய் எழுத்து புரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்தலையும் எடுத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். என் அப்பா வாங்கிய போத்தலை அன்று நான் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால், அதில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரிந்திருக்கும். ஆசிரியையாக இருந்தும் நான் தவறியதை, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி செய்து தன் தாயைக் காப்பாற்றினாள். கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். கடைசியில் அதைத்தான் பேசியிருக்கிறேன் போலும்.